கொழும்பில் ஒரு சின்னச் சுகாதாரச் சங்கத்துக்கு நிதியுதவி எடுப்பது எப்படி

மட்டக்குளியில் எங்கள் சங்கத்தைத் தொடங்கியபோது கையில் இருந்தது ஒரு கொப்பி, இரண்டு பேனை, கோயில் மண்டபத்தில் ஞாயிறு காலை இரண்டு மணி நேரம். அவ்வளவுதான். அந்த வருடம் எங்கள் தோட்டத்தில் (நெருக்கமாக வீடுகள் உள்ள குடியிருப்பில்) இரண்டு பேருக்குக் கால்விரலை எடுக்க வேண்டி வந்தது. தங்களுக்குச் சீனி வருத்தம் இருப்பதே அதுவரை இருவருக்கும் தெரியாது. அதைப் பார்த்துவிட்டுத்தான் பத்துப் பேர் ஒன்றுகூடினோம். “எங்கேயாவது ஃபண்ட் கேட்கலாமே” என்று ஒருவர் சொன்னார். எங்கே கேட்பது, எப்படிக் கேட்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நிறைய விண்ணப்பங்கள் எழுதிவிட்டோம். சில கிடைத்தன, பல கிடைக்கவில்லை. கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், வனாத்தமுல்லை, கொம்பனித்தெரு, வெள்ளவத்தை என்று நகரின் பல பக்கமிருந்தும் புதிதாகத் தொடங்குகிறவர்கள் வந்து இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன். காசு தேடி ஓடுவது இந்த வேலையின் கடைசிப் பகுதி. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவைதான் அதிகம், அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காசும் தேவையில்லை.

முதலில் வீடுவீடாகப் போங்கள்

நிதி கொடுப்பவர்கள் முதலில் கேட்பது, “உங்கள் பகுதியில் என்ன பிரச்சினை, அது உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்பதுதான். “எங்கள் பகுதி மக்கள் வறுமையாலும் நோயாலும் அவதிப்படுகிறார்கள்” என்று எழுதினால் அது எந்த ஊருக்கும் பொருந்தும். அதனால்தான் அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

நாங்கள் செய்தது இதுதான். கொப்பியில் ஐந்து கோடு போட்டோம். வீட்டில் 35 வயதுக்கு மேல் எத்தனை பேர், கடைசியாக எப்போது பிரஷர் பார்த்தார்கள், எப்போது சீனி பார்த்தார்கள், எந்த கிளினிக்குக்குப் போகிறார்கள், போகாவிட்டால் ஏன் போகவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் 60 வீடுகளுக்குப் போனோம்.

முதல் நான்கு கேள்விக்கும் வந்த பதில்கள் எதிர்பார்த்தவைதான். கண்ணைத் திறந்துவிட்டது ஐந்தாவது கேள்வி. கிளினிக் தூரம் என்றோ மருந்து இல்லை என்றோ சொல்வார்கள் என்று நினைத்திருந்தோம். பெண்களில் பலர் சொன்னது வேறு. “காலையில் போய் வரிசையில் நின்றால் அன்றைய நாட்சம்பளம் போய்விடும், தம்பி.” துப்புரவு வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவர்கள் விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் புறப்பட்டுவிடுகிறார்கள். அப்படியென்றால் அவர்களுக்குத் தேவை இன்னொரு கட்டடமோ இன்னொரு விழிப்புணர்வுப் பதாகையோ இல்லை, ஞாயிற்றுக்கிழமை காலையில் நடக்கும் ஒரு பரிசோதனை. எங்களுடைய முழுத் திட்டமும் அந்த ஒரு பதிலிலிருந்துதான் வந்தது. பிறகு எழுதிய ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அந்தப் பத்தி இருந்தது.

உங்கள் பகுதியில் பிரச்சினை வேறாக இருக்கலாம். டெங்கு, காசநோய், கர்ப்பிணிகளின் போசாக்கு, தனியாக வாழும் முதியவர்கள், இளைஞர்களின் போதைப்பொருள் பழக்கம், மனநலம் என்று எதுவாகவும் இருக்கலாம். நாட்டில் டெங்கு நோயாளர் எப்போதும் அதிகம் பதிவாகும் மாவட்டங்களில் கொழும்பும் ஒன்று. 2017இல் நாடு முழுவதும் 1,86,000க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவானார்கள். இப்படியான தேசியத் தரவை ஒரு வரியில் சொல்லலாம். ஆனால் விண்ணப்பம் நிற்பது உங்கள் கொப்பியில் இருக்கும் தரவில்தான்.

எம்.ஓ.எச். அலுவலகத்துக்குப் போகாமல் எதையும் தொடங்காதீர்கள்

சுகாதார வேலையை நாமாக நினைத்தபடி செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சுகாதார வைத்திய அதிகாரி (எம்.ஓ.எச்.) இருக்கிறார். அவருக்குக் கீழே பி.எச்.ஐ. எனப்படும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் குடும்பநல மருத்துவ மாதுக்களும் வேலை செய்கிறார்கள். கொழும்பு மாநகர எல்லைக்குள் இந்தச் சேவையை நடத்துவது மாநகர சபையின் பொதுச் சுகாதாரத் திணைக்களம். கொலன்னாவை போன்ற எல்லைக்கு வெளியேயுள்ள பகுதிகளில் மாகாண சுகாதாரத் திணைக்களத்தின் கீழ் வரும் அலுவலகங்கள் இருக்கின்றன. உங்கள் தெரு எந்தப் பக்கம் விழுகிறது என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கடிதத்தைத் தவறான அலுவலகத்தில் கொடுத்துவிட்டு இரண்டு மாதம் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

நாங்கள் போனபோது அந்த டாக்டர் எங்களிடம் ஒரேயொரு கேள்வி கேட்டார். “நீங்கள் சீனி பார்ப்பது சரி. கூடுதலாக இருந்தால் அந்த ஆளை எங்கே அனுப்பப் போகிறீர்கள்?” எங்களிடம் பதில் இல்லை. விரலில் குத்திப் பார்க்கும் மெஷினின் எண் முடிவான எண் இல்லை. கூடுதலாகக் காட்டினால் ஆய்வுகூடத்தில் இரத்தம் கொடுத்து உறுதிசெய்ய வேண்டும், அதன்பிறகு ஒரு டாக்டர் பார்க்க வேண்டும். அந்த வழி இல்லாமல் ஒருவரிடம் “உங்களுக்குச் சீனி கூட” என்று சொல்லிவிட்டு வந்தால், அவருக்குப் பயத்தைக் கொடுத்ததைத் தவிர நாம் எதுவும் செய்யவில்லை. அன்று அந்த அறையிலேயே உட்கார்ந்து ஒரு சிட்டை தயாரித்தோம். பெயர், திகதி, எடுத்த அளவு, போக வேண்டிய கிளினிக், கிளினிக் நாள், இவ்வளவுதான் அதில். பரிசோதனை நாளில் மேற்பார்வைக்கு யார் வருவது, பயன்படுத்திய ஊசிகளை எந்தப் பெட்டியில் போட்டு எங்கே ஒப்படைப்பது என்பதும் அன்றே முடிவாயிற்று.

திரும்பி வரும்போது ஓர் ஆதரவுக் கடிதமும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தோடு வைக்கும் கடதாசிகளில் இதைவிடப் பெறுமதியானது வேறு இல்லை. கடிதத்தைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம், பதிலைத் தமிழில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அவசரம் என்றால் சிங்களப் பிரதி ஒன்றும் சேர்த்துக் கொடுத்தால் மேசை விட்டு மேசை வேகமாக நகரும்.

பதிவும் வங்கிக் கணக்கும்

சங்கத்தைப் பதிவு செய்யப் பல வழிகள் உண்டு. தன்னார்வ சமூக சேவை அமைப்புகளைப் பதிவதற்கான சட்டம் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம். ஒரு பிரதேச செயலகப் பிரிவுக்குள் மட்டும் வேலை செய்யும் சின்னச் சங்கம் அந்தப் பிரதேச செயலகத்தில் பதியலாம். மாவட்ட அளவில் என்றால் மாவட்ட செயலகம். நாடு தழுவிய வேலைக்கும், வெளிநாட்டு நிதியை நேரடியாக எடுக்கும் எண்ணத்துக்கும் தேசிய அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான செயலகத்துக்குப் போக வேண்டும். அந்தச் செயலகம் எந்த அமைச்சின் கீழ் இருக்கிறது என்பது அரசாங்கங்களோடு மாறி வந்திருக்கிறது, போகுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு வழி 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாக (பங்குகள் இல்லாமல், உறுப்பினர்கள் உறுதியளித்த தொகைக்கு மட்டும் பொறுப்பாகும் கம்பனி) பதிவது. அதற்குக் கணக்காய்வாளர், கம்பனிச் செயலாளர் என்று ஒவ்வொரு வருடமும் செலவு உண்டு. புதிய சங்கத்துக்கு என் சிபாரிசு பிரதேச செயலகம்தான். இரண்டு வருடம் கணக்கு நடத்திப் பழகிய பிறகு பெரிதாகப் போகலாம்.

பதிவுக்குத் தேவையானவை: யாப்பு (சங்கத்தின் விதிகள்), நிர்வாகக் குழுவின் பெயர்ப் பட்டியலும் அடையாள அட்டைப் பிரதிகளும், ஆரம்பக் கூட்டத்தின் கூட்டறிக்கை, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல். யாப்பை வேறு சங்கத்திடமிருந்து அப்படியே பிரதி எடுக்காதீர்கள். குறிப்பாக நோக்கங்கள் பகுதியில் “சுகாதாரம்” என்ற சொல் இருக்க வேண்டும். விளையாட்டுக் கழகமாகப் பதிந்துவிட்டு சுகாதார நிதி கேட்டால் முதல் சுற்றிலேயே தள்ளிவிடுவார்கள்.

வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். இதைச் சொல்லவே தேவையில்லை என்று தோன்றும். எங்கள் முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது இதனால்தான். செயலாளரும் பொருளாளரும் சேர்ந்து தங்கள் பெயரில் திறந்த கூட்டுக் கணக்கைக் கொடுத்திருந்தோம். அவர்கள் இருவரும் ஒரு சதமும் தொடாதவர்கள். ஆனால் அதை நாங்கள் அறிவோம், நிதி கொடுப்பவர் எப்படி அறிவார்? வங்கிக்குப் பதிவுச் சான்றிதழ், யாப்பு, கணக்குத் திறக்கும் தீர்மானம் எழுதிய கூட்டறிக்கை ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். மூன்று பேரில் இரண்டு பேர் கையெழுத்திட்டால்தான் காசோலை செல்லும் என்று வையுங்கள். ஒரே வீட்டைச் சேர்ந்த இருவர் கையெழுத்துக்காரராக இருக்கக் கூடாது. சங்கங்களின் கணக்கு என்றால் வங்கிகள் கூடுதலாகக் கேள்வி கேட்பார்கள். காசு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது அவர்களுக்குச் சட்டக் கடமை. கோபப்படாமல் பதில் சொல்லுங்கள்.

யாரிடம் கேட்பது

இணையத்தில் கிடைக்கும் பழைய பட்டியல்களை நம்பி நேரத்தைச் செலவிட வேண்டாம். பல வருடங்களாக அப்படிப்பட்ட பட்டியல்களின் தலைப்பில் இருந்த அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யூ.எஸ்.எய்ட் 2025 ஜூலை 1ஆம் திகதியோடு தனி நிறுவனமாக இயங்குவதை நிறுத்திவிட்டது. இன்றும் அதன் பெயர் பட்டியல்களில் கிடக்கிறது.

சின்னச் சங்கங்களுக்கு ஏற்ற கதவுகளில் ஒன்று தூதரகங்களின் சிறு நிதித் திட்டங்கள். ஜப்பானியத் தூதரகத்தின் அடிமட்ட மனிதப் பாதுகாப்புத் திட்டங்களுக்கான நன்கொடை கட்டடம், உபகரணம், வாகனம் போன்றவற்றுக்கு உதவும். சம்பளமும் அன்றாடச் செலவும் அதில் வராது. ஒரு கிளினிக்குக்கு உபகரணம் வேண்டுமென்றால் பொருந்தும், ஞாயிறு பரிசோதனை நடத்தப் பொருந்தாது. அவுஸ்திரேலிய உயர் ஸ்தானிகராலயத்தின் நேரடி உதவித் திட்டம் சமூக மட்ட வேலைகளுக்குக் கொஞ்சம் நெகிழ்வானது. கனடாவின் உள்ளூர் முயற்சிகளுக்கான நிதியம் பெண்கள் சார்ந்த வேலைக்கு முன்னுரிமை கொடுத்து வந்திருக்கிறது. அவர்களுடைய நிதியாண்டு மார்ச்சில் முடிவதால் வேலையைச் சில மாதங்களுக்குள் முடிக்க வேண்டியிருக்கும். இவற்றுக்கெல்லாம் விண்ணப்ப அழைப்பு வருடத்தில் குறிப்பிட்ட காலத்தில்தான் வரும். தூதரகங்களின் இணையத்தளத்தையும் முகநூல் பக்கத்தையும் மாதத்தில் ஒரு நாள் ஒருவர் பார்த்துக் கொப்பியில் குறித்து வைக்க வேண்டும். எங்கள் சங்கத்தில் அது ஓர் ஏ.எல். மாணவியின் வேலை, மிக ஒழுங்காகச் செய்கிறார்.

ரோட்டரிக் கழகங்கள் கொழும்பில் நிறைய உண்டு, 1929இல் தொடங்கிய பழைய கழகம் உட்பட. ரோட்டரி அறக்கட்டளையின் உலகளாவிய நன்கொடைத் திட்டம் குறைந்தது 30,000 டொலர் வரவுசெலவு உள்ள திட்டங்களுக்குத்தான். அதற்கு இங்குள்ள ஒரு கழகமும் வெளிநாட்டுக் கழகம் ஒன்றும் சேர வேண்டும். உங்களுக்கு அது பெரிது. ஆனால் உள்ளூர்க் கழகம் ஒன்று தன் சொந்தக் காசிலேயே பிரஷர் மெஷின் வாங்கித் தரும், ஒரு டாக்டரையும் அனுப்பும். எங்களுக்கு முதலில் உதவி வந்தது இப்படித்தான். லயன்ஸ் கழகங்களும் அப்படியே, கண் பரிசோதனை என்றால் அவர்களிடமே முதலில் போங்கள்.

எச்.ஐ.வி. சார்ந்த வேலை என்றால், எயிட்ஸ், காசநோய், மலேரியாவுக்கு எதிரான சர்வதேச நிதியமான குளோபல் ஃபண்டின் நிதி சுகாதார அமைச்சு வழியாகவும் இலங்கைக் குடும்பத் திட்டச் சங்கம் வழியாகவும் வந்திருக்கிறது. பெரிய நிறுவனம் எடுக்கும் நிதியில் களவேலையைச் செய்யும் துணை அமைப்பாகச் சேர்வது இதில் வழக்கம். சின்னச் சங்கத்துக்கு அது நல்ல பயிற்சி.

கம்பனிகளின் சமூகப் பொறுப்பு நிதிக்கு அலுவலகம் எங்கே இருக்கிறது என்பது முக்கியம். தங்கள் தொழிற்சாலை, கிளை, களஞ்சியம் இருக்கும் பகுதிக்குத்தான் கம்பனிகள் முதலில் காசு ஒதுக்கும். உங்கள் தெருவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் என்ன கம்பனிகள் இருக்கின்றன என்று எழுதிப் பாருங்கள். ஒன்று மட்டும் யோசியுங்கள்: சீனி வருத்தத் திட்டத்துக்கு இனிப்புப் பானக் கம்பனியிடம் காசு எடுப்பதா, சாராய, சிகரெட் வியாபாரத்தோடு தொடர்புள்ள காசைத் தொடுவதா என்று. எடுப்பதில்லை என்று நாங்கள் கூட்டறிக்கையிலேயே எழுதி வைத்திருக்கிறோம்.

விண்ணப்பம் எழுதுவது

படிவங்கள் வேறுபட்டாலும் கேள்விகள் ஒன்றுதான். என்ன பிரச்சினை, என்ன செய்யப் போகிறீர்கள், யார் பயனடைவார்கள், எவ்வளவு காலம், எவ்வளவு செலவு, பலன் கிடைத்தது என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள், காசு முடிந்த பிறகு என்ன நடக்கும். பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். முதலில் தமிழில் எழுதி, குழுவில் எல்லோரும் வாசித்து ஒத்துக்கொண்ட பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். ஆங்கிலம் தெரிந்த ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டால், அவர் அழகாக ஏதோ எழுதுவார், காசு வந்த பிறகு அதில் சொன்ன வேலையை யாரும் அடையாளம் கண்டுகொள்ள மாட்டார்கள்.

“500 பேருக்கு விழிப்புணர்வூட்டுவோம்” என்று எழுதுவதை விட்டுவிடுங்கள். “60 வீடுகளில் 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை சீனியும் பிரஷரும் பார்ப்போம், கூடுதலாக உள்ளவர்கள் கிளினிக்கில் பதிந்தார்களா என்று ஒரு மாதத்துக்குள் வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம்” என்று எழுதுங்கள். சின்ன வாக்குறுதியாக இருக்கட்டும், அதை நிறைவேற்றியதைக் காட்ட முடியும்.

பட்ஜெட்

விண்ணப்பத்தில் நிதானமாக உட்கார்ந்து செய்ய வேண்டிய பகுதி இதுதான். எங்கள் பெரிய பிழையும் இதில்தான் நடந்தது. எங்களுக்கு முதலில் நிதி கிடைத்த விண்ணப்பத்தின் பட்ஜெட்டில் சீனி பார்க்கும் மெஷின், குளுக்கோ மீட்டர், ஐந்து போட்டோம். கிடைத்தது, சந்தோஷம். இரண்டாவது ஞாயிறே, இரத்தத் துளியை வைத்துப் பார்க்கும் ஸ்ட்ரிப் முடிந்துவிட்டது. மெஷின் ஒரு முறைச் செலவு, ஸ்ட்ரிப்தான் ஒவ்வொரு முறையும் காசு. இரண்டு மெஷினே எங்களுக்குப் போதுமாக இருந்திருக்கும்.

கணக்கு இப்படிப் போடுங்கள். உதாரணத்துக்கு, பரிசோதனைக்கு வருவது 60 பேர், வருடத்துக்கு நான்கு முறை என்றால் 240 ஸ்ட்ரிப். பிழையாகக் குத்தியவை, இரத்தம் போதாமல் வீணானவை என்று 30 சேருங்கள், 270. ஐம்பது உள்ள போத்தலாக வாங்கினால் ஆறு போத்தல். ஆறையும் ஒரே நாளில் வாங்கக் கூடாது, காலாவதித் திகதி இருக்கிறது. சில வகைகளைத் திறந்த பிறகு மூன்று மாதத்துக்குள்ளோ ஆறு மாதத்துக்குள்ளோ முடிக்கவும் வேண்டும். கொழும்பு வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் கெட்டுப்போகும், யாருடைய வீட்டு அலுமாரியில் இருக்கப்போகிறது என்பதையும் முடிவு செய்யுங்கள். பிறகு குத்தும் ஊசி ஒருவருக்கு ஒன்று, பஞ்சு, ஸ்பிரிட், கையுறை, ஊசி போடும் பெட்டி, பிரஷர் மெஷினுக்குப் பற்றரி, பருத்த கைக்குப் பெரிய பட்டி ஒன்று. சிட்டை அச்சடிக்கும் செலவு. தொண்டர்களின் பஸ் காசு.

பொருட்களுக்கு மூன்று கடைகளில் விலை எழுதி வாங்குங்கள், பல இடங்களில் அது கட்டாயம். விலைப்பத்திரத்தில் எத்தனை நாள் செல்லும் என்றும் இருக்கும். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 360 ரூபா வரை ஏறியதைப் பார்த்தோம். ஸ்ட்ரிப் இறக்குமதிப் பொருள், விண்ணப்பம் போட்டு ஆறு மாதம் கழித்துக் காசு வரும்போது அந்த விலை இருக்காது. விலையேற்றத்துக்கு என்று ஒரு வரி போடலாமா எனக் கேட்டுப் பாருங்கள், சிலர் அனுமதிப்பார்கள். சங்கம் தன் பங்காகக் கொடுப்பதையும் எழுதுங்கள். மண்டபம் இலவசம் என்றால் அதன் வாடகை மதிப்பு, தொண்டர்களின் மணித்தியாலங்கள் எல்லாம் உங்கள் பங்குதான்.

வரியையும் மறக்க வேண்டாம். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில், அரச சார்பற்ற நிறுவனம் நன்கொடையாகப் பெறும் தொகையில் 3 சதவீதத்தை வருமானமாகக் கருதி வரி கணக்கிடும் ஏற்பாடு உண்டு, விலக்குகளும் உண்டு. உங்கள் சங்கத்துக்கு எது பொருந்தும் என்று ஒரு கணக்காளரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து கேளுங்கள். கோயில் சபையிலோ பாடசாலைப் பழைய மாணவர் சங்கத்திலோ நிச்சயம் ஒருவர் இருப்பார்.

காசு வந்த பிறகு

ஒப்பந்தத்தை எல்லோரும் சேர்ந்து வாசியுங்கள். எந்தத் திகதிக்கு எந்த அறிக்கை, எந்தத் தலைப்பிலிருந்து எந்தத் தலைப்புக்குக் காசை மாற்றலாம், மாற்ற எழுத்தில் அனுமதி வேண்டுமா என்பதைச் சுவரில் ஒட்டுங்கள்.

பில் விஷயத்தில் ஒரு சம்பவம். முதல் பரிசோதனை நாளில், காலையில் சாப்பிடாமல் வந்தவர்களுக்கு இரத்தம் எடுத்த பிறகு முச்சந்திக் கடையில் 40 பிளேன் டீயும் 40 பணிஸும் வாங்கினோம். பில் கேட்டபோது கடைக்கார அண்ணன் ஒரு பிஸ்கட் பெட்டியின் அட்டையைக் கிழித்து அதில் “டீ 40, பணிஸ் 40” என்றும் தொகையையும் எழுதித் தந்தார். திகதி இல்லை, கடைப் பெயர் இல்லை, கையெழுத்து இல்லை. கணக்குக் காட்டும்போது அந்தத் தொகையை ஏற்கவில்லை, எங்கள் கையிலிருந்து போட்டோம். அடுத்த வாரமே புறக்கோட்டையில் ஒரு வவுச்சர் புத்தகம் வாங்கினோம். பில் புத்தகம் இல்லாத கடைக்கு நாங்களே வவுச்சர் எழுதி, கடைக்காரரின் பெயர், அடையாள அட்டை எண், கையெழுத்து வாங்கிக்கொள்கிறோம். வாங்கிய அன்றே எழுத வேண்டும், ஒரு வாரம் போனால் தொகை மறந்துவிடும். பில்லை உடனே போட்டோ எடுத்தும் வையுங்கள், கடைகளின் மெஷின் பில்லில் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும்.

அப்புறம், மக்களின் விவரம். யாருக்குச் சீனி, யாருக்குக் காசநோய் என்பது அவர்களின் சொந்த விஷயம். நிதி கொடுத்தவருக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்பத் தேவையில்லை, எண்ணிக்கையும் வயதும் ஆண், பெண் விவரமும் போதும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைச் சிறப்பாகப் பாதுகாக்க வேண்டியதாகவே வகைப்படுத்துகிறது. படம் எடுக்குமுன் கேளுங்கள். விரலில் குத்தும்போது முகத்தைச் சுளிக்கும் ஓர் அம்மாவின் படம் அறிக்கைக்கு அழகாக இருக்கலாம், ஆனால் அவருடைய மகளுக்குப் பெண் பார்க்க வரும் வீட்டார் அந்தப் படத்தை முகநூலில் பார்க்கக் கூடாது. கைகளை மட்டும் எடுத்தாலே போதும்.

மறுத்துவிட்டால்

பல முறை பதிலே வராது. வந்தால், நன்றி சொல்லி எந்த இடத்தில் குறைந்தது என்று கேட்டு ஒரு சின்ன மின்னஞ்சல் அனுப்புங்கள். எல்லோரும் பதில் தரமாட்டார்கள், ஆனால் எங்களுக்கு ஒருமுறை “உங்கள் திட்டம் நல்லது, கணக்காய்வு செய்த கணக்கு இல்லை” என்று இரண்டு வரி வந்தது. அடுத்த வருடம் அதே திட்டத்தைக் கணக்காய்வு அறிக்கையோடு அனுப்பினோம், கிடைத்தது.

அப்படி மறுபடி அனுப்பும்போது பழைய விவரத்தைத் திகதி மட்டும் மாற்றி அனுப்பாதீர்கள். கொப்பியை எடுத்துக்கொண்டு அந்த 60 வீடுகளுக்கும் திரும்ப ஒருமுறை போய் வாருங்கள். வாடகை வீடுகளில் ஆட்கள் மாறியிருப்பார்கள், போன வருடம் 34 வயதாக இருந்தவர்களுக்கு இப்போது 35 ஆகியிருக்கும்.